தோப்புல செத்துப்போன பேட்டரி: 8.6 மில்லி ஆம்ப்லேர்ந்து 5 மைக்ரோ ஆம்ப் வரைக்கும்

போன தை மாசம் ஒரு காலையில மாமாகிட்டேருந்து ஃபோன். "மாப்ள, உன்ற பொட்டி ரெண்டு நாளா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது, தண்ணி உடறதா வேண்டாமான்னு தெரியலியே"ன்னாரு. நான் இருக்கறது சென்னையில, தோப்பு இருக்கறது உடுமலைக்குப் பக்கத்துல, நடுவுல ஒரு ராத்திரி பஸ். அந்தப் பொட்டியை நான் கொண்டுபோய் வெச்சு ஓடுனது மொத்தம் 12 நாள்தான். ஒரு வருஷத்துக்கு பேட்டரியைத் தொடவே வேண்டாம் மாமான்னு சொல்லிட்டு வந்திருந்தேன், அதனால அந்த ஃபோனை வெச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் வேற வேலையே ஓடல.

பொட்டின்னா பெருசா ஒண்ணும் இல்ல. தென்னைக்கு சொட்டு நீர் போட்டிருக்காரு, ஆனா எந்த வரிசைக்கு எப்ப தொறக்கறதுங்கறது இன்னிக்கும் கைக்கணக்குதான், மண்வெட்டியால ஒரு அடி தோண்டி மண்ணை உள்ளங்கையில வெச்சு உருட்டிப் பாப்பாரு, உருண்டை நின்னா இன்னிக்கு வேண்டாம், உதுந்தா வால்வைத் தொறப்பாரு. நாப்பது வருஷக் கை அது, தப்பாது. ஆனா முழங்கால் வலி வந்ததுலேர்ந்து தோப்பு முழுக்க நடக்க முடியல. அதான் அந்த ஒரு அடி ஆழத்து ஈரத்தை வீட்லேருந்தே தெரிஞ்சுக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுக்கணும்னு ஆரம்பிச்சேன்.

உள்ள இருக்கறது 3.3 வோல்ட், 8 மெகா ஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினிங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, அதாவது ஏடிமெகா328பி சிப்பு. ஒரு கெப்பாசிட்டிவ் மண் ஈர சென்சார், காத்தோட சூடும் ஈரமும் பாக்க ஒரு எஸ்ஹெச்டி31, அப்புறம் ஒரு லோரா (கொஞ்சம் டேட்டாவை ரொம்ப தூரம் அனுப்பற முறை) ரேடியோ மாட்யூல், எஸ்எக்ஸ்1276 சிப்பு போட்டது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, அளந்து, ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பிட்டு திரும்பத் தூங்கிடணும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மாமா வீட்டு மாடியில கரண்ட்ல ஓடற ரிசீவர் ஒண்ணு இருக்கு, அது வைஃபை வழியா டெலிகிராம்ல மெசேஜ் போடும். இவ்வளவுதான் மொத்த சிஸ்டமும்.

லோரான்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம இதுக்கு நாம பயன்படுத்தற பேண்ட் 865லேர்ந்து 868 மெகா ஹெர்ட்ஸ். லைப்ரரியோட வர்ற உதாரண கோடுல பெரும்பாலும் 915, இல்லன்னா 868, இல்லன்னா 433ன்னு இருக்கும், அதை அப்படியே அப்லோடு பண்ணாதீங்க, அந்த ஒரு வரியை 866க்கு மாத்துங்க. மாட்யூல் 868ன்னு போட்டதை வாங்குனா போதும், இங்கயும் நல்லா வேலை செய்யும். ஆன்டெனாவுக்கு கால் அலை நீளம் 8.6 சென்டிமீட்டர் வரும், ஒத்தைக் கம்பி ஒயரை அந்த அளவுக்கு வெட்டி சால்டர் பண்ணி நேரா நிக்க வெச்சேன், தென்னை மரங்களுக்கு நடுவுலயே ஒன்றரை கிலோமீட்டர் போகுது. ஆன்டெனா மாட்டாம மட்டும் டிரான்ஸ்மிட் பண்ணாதீங்க, மாட்யூல் போயிடலாம்.

சரி, பேட்டரிக்கு வர்றேன்.

சனிக்கிழமை காலையில போய் பொட்டியைத் தொறந்து முதல்ல செல்லைத்தான் அளந்தேன். 2.6 வோல்ட். லித்தியம் அயான் செல்லை அவ்வளவு கீழ இறங்க விடவே கூடாது, அதுவே வயித்தைக் கலக்குச்சு. 2600 மில்லி ஆம்ப் ஹவர் 18650 செல் அது, நல்ல செல்தான். (மார்க்கெட்ல 9900ன்னு அச்சடிச்ச 18650 கெடைக்குது, அந்த சைஸுக்குள்ள அவ்வளவு அடங்கவே அடங்காது, நல்ல செல்லுன்னா பெரும்பாலும் 2500லேர்ந்து 3500 வரைக்கும்தான், வாங்காதீங்க.) அங்கயே திண்ணையில உக்காந்து மொபைல் கால்குலேட்டர்ல போட்டேன்: 2600ஐ 12 நாளால வகுத்து 24ஆல வகுத்தா சராசரி 9 மில்லி ஆம்ப். ஒரு வருஷம் ஓடணும்னா சராசரி 0.3 மில்லி ஆம்புக்குள்ள இருக்கணும். முப்பது மடங்கு அதிகமா குடிச்சிருக்கு.

மாமா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. "அந்த ரேடியோதான் இழுத்திருக்கும் மாப்ள, அவ்ளோ தூரம் கத்தணுமில்ல"ன்னாரு. யாரா இருந்தாலும் முதல்ல அப்படித்தான் தோணும், எனக்கும் அதான் தோணுச்சு. கணக்கு போட்டுப் பாத்தா அது சரியில்ல. அனுப்பும்போது ரேடியோ ஏறக்குறைய 90 மில்லி ஆம்ப் இழுக்குது, ஆமா, ஆனா நான் வெச்சிருக்கற செட்டிங்ல ஒரு பாக்கெட் காத்துல இருக்கறது 0.2 செகண்ட். மணிக்கு ரெண்டு பாக்கெட். அதை 3600 செகண்டுக்கும் பரப்புனா சராசரி வெறும் 10 மைக்ரோ ஆம்ப், அதாவது 0.01 மில்லி ஆம்ப். 9 மில்லி ஆம்ப்ல அது இருக்கற இடமே தெரியாது. இந்தப் பொட்டி முழிச்சிருக்கறது ஒரு மணி நேரத்துல ரெண்டு செகண்ட் கூட இல்ல, மீதி 3598 செகண்டும் தூங்குது, அப்ப காசு போறது முழுக்க தூக்கத்துலதான்.

இது ஏன் சென்னையில மேஜை மேல இருக்கும்போது தெரியலன்னா, அங்க அஞ்சு நாள் ஓட்டிப் பாத்தது யூஎஸ்பியில. ரீடிங் வருதா, பாக்கெட் போகுதான்னுதான் பாத்தேனே தவிர, தூங்கும்போது என்ன குடிக்குதுன்னு ஒரு தடவை கூட மீட்டர் வெச்சுப் பாக்கல. ப்ரோக்ராம்ல ஸ்லீப் ஃபங்ஷனைக் கூப்பிட்டாச்சு, டேட்டாஷீட்ல பவர் டவுன்ங்கற ஆழ்ந்த தூக்க மோடுல வாட்ச்டாக் (சிப்பை எழுப்பி விடற உள் டைமர்) ஓடிட்டிருந்தா 4 மைக்ரோ ஆம்ப் சொச்சம்னு போட்டிருக்கு, அப்ப 4 மைக்ரோ ஆம்ப்தான்னு நம்பிட்டேன். அந்த 4ங்கறது சிப்போட கணக்கு மட்டும்தான். போர்டுல அந்த சிப்பைத் தவிர இன்னும் பத்து விஷயம் ஒட்டிக்கிட்டிருக்கு.

பொட்டியைக் கழட்டி பையில போட்டு சென்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த ரெண்டு வாரம் ராத்திரி வேலை முழுக்க இதுதான்.

முதல்ல அளக்கறதையே கத்துக்க வேண்டியிருந்தது. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்ப் ரேஞ்சுல வெச்சு பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவுல மாட்டுனேன், போர்டு ஆன் ஆகவே மாட்டேங்குது, ஆன் ஆகுது, உடனே ரீசெட், ஆன் ஆகுது, ரீசெட். ஒரு மணி நேரம் போர்டு போச்சுன்னே நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். விஷயம் என்னன்னா மைக்ரோ ஆம்ப் ரேஞ்சுல மீட்டருக்குள்ள 100 ஓம் பக்கத்துல ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும், 5 மைக்ரோ ஆம்ப் போகும்போது அதுல விழற வோல்டேஜ் ஒண்ணுமே இல்ல, ஆனா ரேடியோ முழிச்சு 30 மில்லி ஆம்ப் கேட்டாலே அங்கயே 3 வோல்ட் விழுந்துடும், போர்டுக்கு என்ன மிஞ்சும்? அளக்கற கருவியே அளக்கறதைக் கொன்னுக்கிட்டிருந்தது.

அதனால மீட்டரை வோல்ட்டுக்கு மாத்திட்டு இப்படி செஞ்சேன். பேட்டரி பாசிட்டிவ்ல ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், அதுக்கு குறுக்கால ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச். ஸ்விட்சை மூடி வெச்சு போர்டை ஆன் பண்ணணும், அது அளந்து அனுப்பி முடிச்சு தூங்கற வரைக்கும் காத்திருக்கணும், தூங்குனதும் ஸ்விட்சைத் தொறக்கணும், இப்ப கரண்ட் எல்லாம் அந்த 100 ஓம் வழியா போகும், அதுக்கு குறுக்கால 200 மில்லி வோல்ட் ரேஞ்சுல மீட்டர். 0.1 மில்லி வோல்ட்டுக்கு 1 மைக்ரோ ஆம்ப். மொதல்ல மில்லி ஆம்ப் கணக்குல போயிட்டிருந்தப்ப 100 ஓம் ரொம்ப அதிகம், அதுக்கு 10 ஓம் போட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல 20 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடற சாமான் இது, இதை வெச்சுதான் முழுசா கண்டுபிடிச்சேன்.

முதல் ரீடிங்: தூங்கும்போது 8.6 மில்லி ஆம்ப். அங்க திண்ணையில போட்ட 9 கணக்கும் இதுவும் ஒத்துப்போச்சு. அப்பாடான்னு இருந்தது, ஏன்னா இப்ப திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான், ஒண்ணொண்ணா புடிச்சுடலாம்.

பவர் எல்இடி. 1.4 மில்லி ஆம்ப். மூடுன பொட்டிக்குள்ள யாருக்காக எரியுது அது? சால்டரிங் அயர்ன் முனையால தள்ளி விட்டேன், 7.2.

அடுத்தது மண் சென்சார், இதுதான் பெரிய ஆளு, 4.9 மில்லி ஆம்ப். அந்த நீளமான கருப்பு போர்டுல ஒரு 555 டைமர் இருக்கு, அது இடைவிடாம ஆஸிலேட் ஆகிட்டே இருந்தாதான் கெப்பாசிட்டன்ஸ் மாறறது தெரியும். 555ஐ ஹான்ஸ் கமென்சிண்ட்ங்கறவரு சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக 1971ல டிசைன் பண்ணாரு, அரை நூற்றாண்டு தாண்டி ஒரு தென்னந்தோப்பு மண்ணுக்குள்ள அது உக்காந்திருக்கறதை நெனச்சா எனக்கு உண்மையிலயே சந்தோஷமா இருக்கு. ஆனா வாங்கும்போது லென்ஸ் வெச்சு சிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. டிஎல்சி555ன்னு இருந்தா சீமாஸ் வகை, 2 வோல்ட்லேர்ந்தே ஓடும். என்இ555ன்னு இருந்தா பழைய பைபோலார் வகை, அதுக்கு கொறஞ்சது 4.5 வோல்ட் வேணும், 3.3ல குடுத்தா கண்டபடி ரீடிங் வரும். ரெண்டும் ஒரே கவர்ல ஒரே பேர்ல விக்கறாங்க. நான் வாங்குன அஞ்சுல ரெண்டு என்இ.

சென்சாரோட விசிசியை (பவர் உள்ள போற பின்) சப்ளையிலேர்ந்து எடுத்துட்டு ஏடிமெகாவோட ஒரு பின்ல குடுத்துட்டேன். 5 மில்லி ஆம்ப் அந்த பின் தாராளமா தாங்கும். அளக்கும்போது பின்னை ஹை பண்ணி, 300 மில்லி செகண்ட் விட்டு, அளந்து, திரும்ப லோ. எஸ்ஹெச்டி31க்கும் அதே பின்லேர்ந்தே பவர். இப்ப 2.3 மில்லி ஆம்ப்.

ரேடியோ 1.6. இது என் கோடுல இருந்த தப்பு. பாக்கெட் அனுப்பி முடிச்சதும் ரேடியோ தானா போய் உக்கார்றது ஸ்டாண்ட்பை மோடுல, அங்க 1.6 மில்லி ஆம்ப் குடிச்சுட்டே இருக்கும், ஸ்லீப்புக்குப் போன்னு நாமதான் தனியா சொல்லணும், சொன்னா 0.2 மைக்ரோ ஆம்புக்கு இறங்கிடும். எட்டாயிரம் மடங்கு வித்தியாசம் ஒரே ஒரு வரியில. அந்த வரியைச் சேர்த்து மீட்டரைப் பாத்தப்ப 0.68ன்னு காட்டுச்சு, நடுராத்திரியில நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டேன்.

பேட்டரி வோல்டேஜ் அளக்க ரெண்டு 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் வெச்சு, வோல்டேஜைப் பாதியாக்கற டிவைடர் போட்டிருந்தேன், அது எப்பவுமே 0.2 மில்லி ஆம்ப் இழுத்துட்டே இருந்தது. அதைப் பிடுங்கிட்டேன். அதுக்குப் பதிலா ஏடிமெகாவுக்குள்ளயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒண்ணு இருக்கு, விசிசியை அளவுகோலா வெச்சுக்கிட்டு அந்த 1.1ஐ அளந்தா திருப்பிக் கணக்கு போட்டு விசிசி எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுடலாம், வெளிய ஒரு பார்ட்டும் வேண்டாம். ஒவ்வொரு சிப்புலயும் அந்த 1.1 கொஞ்சம் மாறும், 1.05லயும் இருக்கும் 1.13லயும் இருக்கும், அதனால ஒரு தடவை நல்ல மீட்டர் வெச்சு அளந்து அந்த எண்ணை கோடுல எழுதிடணும்.

இதுல ஒரு சிக்கல், விசிசிதான் பேட்டரியா இருந்தாதான் இந்த வழி பலிக்கும், நடுவுல ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவுல நிறுத்தற பார்ட்) இருந்தா விசிசி எப்பவும் 3.3 தான் காட்டும். அதையும் சேர்த்தே யோசிச்சேன், ரெகுலேட்டரே எதுக்கு? ப்ரோ மினியில இருக்கற ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 85 மைக்ரோ ஆம்ப் குடிச்சுட்டு இருந்தது. அதனால செல்லையே மாத்திட்டேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சோலார் தெருவிளக்குல எல்லாம் போடற அந்த 32650 குண்டு செல், 3.2 வோல்ட், 6000 மில்லி ஆம்ப் ஹவர். முழு சார்ஜ்ல 3.65க்கு மேல போகாது, கொஞ்ச நேரம் வெச்சா 3.4க்கு கீழ வந்துடும். ஏடிமெகா 5.5 வரைக்கும் தாங்கும், ரேடியோ 3.7 வரைக்கும், சென்சாருக்கும் பிரச்சினை இல்ல, அப்ப நேரடியாவே குடுத்துடலாம். வெயில்ல மூடுன பொட்டிக்குள்ள இருக்கறதுக்கும் சாதா லித்தியம் அயானை விட இதுதான் பொறுமைசாலி. ஒரே ஒரு குறை, இது கடைசி வரைக்கும் 3.2, 3.3ன்னு ஒரே மாதிரி நின்னுட்டு இருந்துட்டு கடைசியில சடார்னு விழும், அதனால வோல்டேஜைப் பாத்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியாது.

தூங்கும்போது ஏடிசியை (வோல்டேஜை எண்ணா மாத்தற, சிப்புக்குள்ள இருக்கற பகுதி) ஆஃப் பண்ணாம விட்டிருந்தேன், அது 230 மைக்ரோ ஆம்ப். பவர் டவுன் மோடுக்குப் போனா அது தானா நிக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன், நிக்காது, எனேபிள் பிட்டை நாமளே ஸீரோ பண்ணிட்டுதான் தூங்கப் போகணும். வோல்டேஜ் ரொம்ப இறங்குனா சிப்பை ரீசெட் பண்ற ப்ரவுன் அவுட் டிடெக்டரையும் தூங்கற நேரத்துக்கு மட்டும் அணைச்சேன், அதுல ஒரு 20.

இப்ப 150 மைக்ரோ ஆம்ப். இங்கதான் மூணு நாள் நின்னுட்டேன்.

கணக்குப்படி 5 இருக்கணும். எல்லாத்தையும் அணைச்சாச்சு. ரேடியோவைக் கழட்டிப் பாத்தேன், 150. மண் சென்சாரைக் கழட்டுனேன், 150. எஸ்ஹெச்டி31 மாட்யூலோட ஜிஎன்டி (கிரவுண்ட், அதாவது தரை) ஒயரைக் கழட்டுனேன், அப்பவும் அதே 150, சரி இது இல்லன்னு அதை ஒதுக்கி வெச்சுட்டேன், அங்கதான் ஏமாந்தேன். சிப்பே கெட்டுப்போச்சோன்னு வேற ப்ரோ மினி எடுத்து மொதல்லேர்ந்து சால்டர் பண்ணேன், அதுலயும் 150ஏ வந்து நின்னது. ரெண்டு போர்டுலயும் ஒரே எண்ணு வந்தா அது சிப்பு கோளாறு கிடையாது, நான்தான் எங்கயோ வழி விட்டிருக்கேன்னு அப்பதான் உறைச்சுது.

அன்னிக்கு ராத்திரி கரண்டை விட்டுட்டு வோல்டேஜைப் பாக்கலாம்னு தோணுச்சு. போர்டைத் தூங்க வெச்சு, மீட்டரோட கருப்பு ப்ரோபை ஜிஎன்டியில வெச்சு, சிவப்பு ப்ரோபை ஒவ்வொரு பின்லயா தொட்டுட்டே வந்தேன். ஒரு பின் ஒண்ணு 3.3ல இருக்கணும், இல்ல 0ல இருக்கணும், நடுவுல எதுக்கும் வேலை இல்ல. டி2, ஸீரோ. டி3, ஸீரோ. இப்படியே போய் ஏ4ஐத் தொட்டேன். 0.72 வோல்ட். ஏ5ஐத் தொட்டேன். 0.72.

ஏ4ம் ஏ5ம் எஸ்டிஏ, எஸ்சிஎல், அதாவது சிப்பும் எஸ்ஹெச்டி31ம் பேசிக்கற ஐ2சி ஒயர் ரெண்டும். பேப்பர்ல வரைஞ்சதும் புரிஞ்சுடுச்சு. ஐ2சிக்காக இருக்கற ஆர்டுயினோவோட 'ஒயர்'ங்கற லைப்ரரியை ஸ்டார்ட் பண்ணா அது ஏடிமெகாவோட உள்ள இருக்கற புல்லப் ரெசிஸ்டர் (ஒயரை சப்ளை வோல்டேஜுக்கு இழுத்து வெக்கறது) ரெண்டையும் ஆன் பண்ணிடுது, அது 20லேர்ந்து 50 கிலோ ஓம் வரைக்கும் எங்கயாவது இருக்கும். அந்தப் பக்கம் சென்சார் மாட்யூல்லயும் ஆளுக்கு 10 கே புல்லப் இருக்கு, அது மேல போய் சேர்றது மாட்யூலோட விசிசியில. நான் பவரை மிச்சம் பண்றேன்னு அந்த விசிசியைத்தான் பின் வழியா லோ பண்ணி தரையில கட்டி வெச்சிருக்கேன்! அப்ப சப்ளையிலேர்ந்து உள் புல்லப் வழியா எஸ்டிஏவுக்கு வந்து, 10 கே வழியா மாட்யூல் விசிசிக்குப் போய், என் பவர் பின் வழியாவே தரைக்கு இறங்கிடுது. ஒரு ஒயருக்கு 70 சொச்சம், ரெண்டு ஒயருக்கும் சேர்த்து 145. ஜிஎன்டி ஒயரைக் கழட்டியும் ஏன் மாறலன்னும் அப்பதான் புரிஞ்சுது, அந்தக் கரண்ட் மாட்யூலோட ஜிஎன்டி பக்கம் போகவே இல்லையே.

தூங்கறதுக்கு முன்னாடி ஐ2சியை நிறுத்தி ரெண்டு பின்னையும் அவுட்புட் லோ பண்ணிடற மாதிரி மூணு வரி சேர்த்தேன். ஸ்விட்சைத் தொறந்தேன். மீட்டர்ல 0.5 மில்லி வோல்ட். 5 மைக்ரோ ஆம்ப்.

நம்பவே முடியல, மீட்டர்தான் பொய் சொல்லுதோன்னு வேற ஒரு வழியிலயும் சரி பாத்தேன். இது யாரு வேணாலும் செய்யலாம். 4700 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை சப்ளைக்கு குறுக்கால போட்டு, போர்டு தூங்குனதும் பேட்டரியைக் கழட்டிடணும், இப்ப போர்டு அந்த கெப்பாசிட்டர்லேர்ந்துதான் குடிக்குது, வோல்டேஜ் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு மொபைல் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தா போதும். 3.30லேர்ந்து 3.20க்கு வர 80 செகண்ட் ஆச்சு. 4700 மைக்ரோவை 0.1ஆல பெருக்கி 80ஆல வகுத்தா 5.9 மைக்ரோ ஆம்ப், அதுல மீட்டரும் கெப்பாசிட்டரும் தானா கசியறது போக மிச்சம் 5 பக்கம்தான். ரெண்டு வழியும் ஒத்துப்போச்சு.

இதே வேலையை ஈஎஸ்பி32 போர்டுல பண்ணலாமான்னு ரெண்டு பேரு கேட்டாங்க. சிப்பு டீப் ஸ்லீப்ல 10 மைக்ரோ ஆம்ப்தான், ஆனா கடையில கெடைக்கற டெவலப்மெண்ட் போர்டை அப்படியே வெச்சா ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் மட்டுமே 5 மில்லி ஆம்ப் பக்கம் சும்மா குடிக்கும், அதுக்கு மேல யூஎஸ்பி சிப்பு வேற. வெறும் மாட்யூலா வாங்கி நீங்களே போர்டு போட்டா சரி.

இப்ப மொத்தக் கணக்கு: தூக்கம் 5, ரேடியோ சராசரி 10, முழிச்சு அளக்கற நேரத்துக்கு ஒரு 3, கூட்டுனா 18 மைக்ரோ ஆம்ப். மாசத்துக்கு 13 மில்லி ஆம்ப் ஹவர். 6000 செல்லுக்கு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல வருது, அதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஏன்னா செல் சும்மா வெச்சிருந்தாலே தானா இழக்கும், மாசத்துக்கு 2 சதவீதம்னு வெச்சாலே 120 மில்லி ஆம்ப் ஹவர். பொட்டி குடிக்கறதை விட செல்லு தானா சிந்தறது ஒம்பது மடங்கு அதிகம்! பேட்டரி பத்தலன்னு ஆரம்பிச்ச வேலை, இந்த இடத்துக்கு வந்து நிக்குது.

மாசி மாசம் திரும்ப கொண்டுபோய் வெச்சேன். இந்தத் தடவை மண் சென்சாரோட ஓரம் முழுக்க நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சேன், போர்டை வெட்டுன ஓரத்துல நார் தெரியும், அது வழியா ஈரம் உள்ள ஏறி ஒரு மாசத்துல ரீடிங் தானா நகர ஆரம்பிச்சுடும். மேல இருக்கற பார்ட்ஸ் எல்லாம் ஹீட் ஷ்ரிங்க் போட்டு எபாக்சி ஊத்திட்டேன். பொட்டிக்குள்ள ஒயர் நுழையற ஓட்டையையும் அடைச்சேன், போன தடவை தொறந்தப்ப உள்ள எறும்பு முட்டை வெச்சிருந்தது. மாமாவை மண்ணை உருட்டச் சொல்லி, அவரு "இப்ப உடலாம்"னு சொன்ன மண்ணுலயும், தண்ணி உட்ட மறுநாள் மண்ணுலயும் சென்சார் என்ன எண்ணு காட்டுதுன்னு எழுதி வெச்சுக்கிட்டேன், அந்த ரெண்டு எண்ணுதான் கேலிபரேஷன். டெலிகிராம்ல சதவீதம் எல்லாம் வராது, "தொறக்கலாம்", "இன்னிக்கு வேண்டாம்"னுதான் வரும், அவரு கேட்டதும் அதைத்தான்.

அஞ்சு மாசம் ஆச்சு. நடுவுல இடி மழை வந்த ஒரு சாயங்காலம் மூணு பாக்கெட் வரல, மத்தபடி ஒண்ணும் விடல. வாட்ச்டாக் எட்டு செகண்டுக்கு ஒரு தடவை எழுப்பி 225 தடவை எண்ணி அரை மணி நேரம்னு கணக்கு, அந்த ஆஸிலேட்டர் அவ்வளவு துல்லியம் இல்ல, வெயில் நேரத்துல ஒரு இடைவெளி, விடிகாலையில ஒரு இடைவெளின்னு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன வருது, தென்னைக்கு அது போதும்.

போன வாரம் மாமா ஃபோன் பண்ணாரு. "கெணத்து மேட்டுக்கு ஒண்ணு, கெழக்கால வரப்புக்கு ஒண்ணு, ரெண்டு பொட்டி போட்டுக் குடு மாப்ள"ன்னாரு. அதுக்கு இவ்வளவு பெரிய செல் தேவையில்ல, ரெண்டு ஏஏ செல்லுலயே ஓட்டிடலாம்னு நெனைக்கறேன், 8 மெகா ஹெர்ட்ஸுக்கு ஏடிமெகா 2.4 வோல்ட் வரைக்கும் தாங்கும், ரேடியோ அதுக்கும் கீழ போகும். நேத்து ராத்திரி முதல் போர்டை சால்டர் பண்ணி முடிச்சேன், ப்ரோக்ராம் ஏத்தறதுக்கு முன்னாடியே 100 ஓம் ரெசிஸ்டரையும் ஸ்லைடு ஸ்விட்சையும் மாட்டியாச்சு.